சிறு வணிகரும் இறக்குமதி வரியும் – ஓர் அறவியல் நோக்கு

அரசொன்று தன் எல்லைக்குள் விற்பனையாகும் பொருள்கள் மீது வேறுபாடின்றி ஒரே வீதத்தில் வரி விதிக்குமாயின், அவ்வரி நீதியானது என்று கொள்வது பொது வழக்கு. எல்லோருக்கும் ஒரே விதி என்பது நீதியின் முதல் இலக்கணமாகக் கருதப்படுகின்றது. ஆயின், அவ்விதி ஒருவருக்கு இலேசாகவும் மற்றொருவருக்குத் தாங்கொணாச் சுமையாகவும் அமையும்போது அதனை நீதியென்று கூற இயலுமா? பழைய முத்திரைகள், நாணயங்கள், அஞ்சலட்டைகள் முதலிய சேகரிப்புப் பொருள்களைக் கடல்கடந்து விற்கும் சிறு வணிகரின் நிலை இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது. பிரித்தானியாவின் அனுபவம் இதனை ஆராய்வதற்குத் தக்க களமாகும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொதியின் பெறுமதி 15 பவுணுக்கு மேற்படாதாயின் அதற்குப் பெறுமதி சேர் வரி அறவிடப்படுவதில்லை என்பது 2020ஆம் ஆண்டின் இறுதிவரை அந்நாட்டில் நிலவிய விதி. இச்சலுகை கருணையினால் எழுந்ததன்று. சிறு பொதியொன்றின் மீது வரி அறவிடுவதற்காகும் செலவு, கிடைக்கும் வரியினும் மிகும் என்ற கணக்கே அதன் அடிப்படை. காலப்போக்கில் இக்கணக்கைத் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டோர் பெருவணிகரே. ஜேர்சி, கேர்ன்சி என்னும் கால்வாய்த் தீவுகளிலிருந்து இசைத்தட்டுகளையும் திரைப்படத் தட்டுகளையும் பெருந்தொகையாக அனுப்பிய நிறுவனங்கள், வரி செலுத்திய உள்நாட்டுக் கடைகளை விடக் குறைந்த விலைக்கு விற்றன. 2012 ஏப்ரலில் அத்தீவுகளிலிருந்து அஞ்சல்வழி விற்கப்படும் பொருள்களுக்கு இச்சலுகை மறுக்கப்பட்டது. 2021 ஜனவரி முதலாம் திகதி அது முற்றாகவே நீக்கப்பட்டது.

இம்மாற்றத்தில் நியாயம் இல்லாமலில்லை. இலண்டன் தெருவொன்றில் கடை வைத்திருப்பவர் தம் பொருளுக்கு நூற்றுக்கு இருபது வீதம் வரி சேர்த்து விற்க, வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர் வரியின்றி விற்பது முறையாகாது. மேலும், பழைய முறை வாங்குபவரையும் வருத்தியது. 20 பவுண் பெறுமதியான பொதியொன்றுக்கு வரி 4 பவுண். அதனை அறவிட்டுக் கொடுத்ததற்காக அஞ்சற் சேவை பெற்ற கட்டணமோ 8 பவுண். புதிய முறையின்படி, 135 பவுணுக்கு மேற்படாத பொதிக்கு விற்பனையின்போதே வரி சேர்க்கப்படுகின்றது. பொருள் இணையச் சந்தையொன்றின் ஊடாக விற்கப்படின் அச்சந்தையே வரியை அறவிட்டுச் செலுத்தும். விற்பனையாளர் வாங்குபவருக்கு நேரடியாக விற்பாராயின், அவரே பிரித்தானிய வரி அதிகாரசபையில் பதிவு செய்து செலுத்துதல் வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தோன்றுகின்றது. கனடாவின் சிறு நகரொன்றில் முத்திரை வணிகம் செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பிரித்தானியச் சேகரிப்பாளருக்கு ஆண்டொன்றில் 20 பவுண் பெறுமதியான பழைய அஞ்சலுறைகள் பத்தினை ஒவ்வொன்றாக விற்கிறார் எனக் கொள்க. அவற்றுக்குரிய வரி 40 பவுண். இந்த 40 பவுணைச் செலுத்துவதற்காக அவர் பிறநாட்டு அரசில் பதிவு செய்ய வேண்டும். உரிய காலங்களில் கணக்கறிக்கை அனுப்ப வேண்டும். ஆறாண்டுகளுக்குப் பதிவேடுகளைப் பேண வேண்டும். பத்து உறைகளில் அவருக்குக் கிடைக்கும் இலாபத்தை இவ்வேலை விழுங்கிவிடும். ஆயிரக்கணக்கான பொதிகளை அனுப்பும் நிறுவனத்துக்கோ இதே வேலை ஓர் எழுதுவினைஞரின் அன்றாடக் கடமை மட்டுமே.

இதனினும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பிரித்தானியாவிற்குள்ளேயே முத்திரை விற்பவர், அவரது ஆண்டு விற்பனை ஒரு குறித்த எல்லையைத் தாண்டும்வரை இவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் அவ்வெல்லை 90,000 பவுணாக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டவருக்கோ அத்தகைய எல்லை எதுவுமில்லை. நேரடியாக விற்கும் முதற் பொதியிலேயே கடமை தொடங்கிவிடுகின்றது. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் இடையே சமன்மையை நிலைநாட்டும் நோக்குடன் பிறந்த சட்டம், சிறியோர் விடயத்தில் புதியதொரு சமனின்மையைத் தோற்றுவித்துள்ளது.

இதற்கு எதிராக இரு வாதங்கள் கூறப்படலாம். வெளிநாட்டவரின் கணக்கைச் சோதித்தறியும் வலு அரசுக்கு இல்லையாதலால், எல்லையொன்று வகுத்தால் பெருவணிகர் தம்மைப் பல சிறு வணிகராகப் பிரித்துக்காட்டித் தப்புவர் என்பது முதலாவது. இவ்வச்சம் பொய்யன்று, கால்வாய்த் தீவுகளின் வரலாறே சலுகை எவ்வாறு திரிபடையும் என்பதைக் காட்டும். ஆயினும், அவுஸ்திரேலியா 2018 ஜூலையில் சிறு பொதிகளுக்கு வரியை விரித்தபோது, அந்நாட்டுக்கு ஆண்டில் 75,000 அவுஸ்திரேலிய டொலருக்குக் குறைவாக விற்போரைப் பதிவுக் கடமையிலிருந்து விடுவித்தது. நியூசிலாந்து 2019 டிசம்பரில் 60,000 நியூசிலாந்து டொலரை எல்லையாக வைத்தது. ஆகவே, ஏமாற்றுவோர் சிலர் இருக்கக்கூடும் என்பதற்காக நேர்மையான சிறியோர் அனைவரும் சுமை தாங்க வேண்டும் என்பது தவிர்க்க முடியாத முடிவன்று.

சிறியோர் இணையச் சந்தையின் ஊடாக விற்கலாமே என்பது இரண்டாவது வாதம். இவ்வழி உண்மையில் சுமையைக் குறைக்கின்றது. ஆனால், சந்தை தரகு பெறுகின்றது. விற்பனை விதிகளையும் அதுவே வகுக்கின்றது. பல்லாண்டுப் பழக்கத்தால் சேகரிப்பாளரும் வணிகரும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையால் நடந்துவந்த நேரடி வணிகம், பெரிய இடைத்தரகரின் வாயிலுக்குள் தள்ளப்படுகின்றது. வேறு வழிகளின் செலவைச் சட்டமே உயர்த்திவிட்டு, எஞ்சிய ஒரு வழியைச் சுதந்திரமான தெரிவென்று கூறுவது பொருந்தாது.

வரியறம் பற்றிய சிந்தனை புதியதன்று. அடம் சிமித் 1776இல் வெளியிட்ட நூலில் வரிக்கு நான்கு இலக்கணங்களை வகுத்தார். சமன்மை, உறுதிப்பாடு, செலுத்துவோரின் வசதி, அறவீட்டுச் சிக்கனம் என்பன அவை. கருவூலத்தை அடையும் தொகைக்கு மேலாக மக்களிடமிருந்து பறிபோவது இயன்றவரை குறைவாயிருத்தல் வேண்டும் என்பதே நான்காவதன் கருத்து. இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புறநானூற்றில் இதனையொத்த உண்மையை உணர்த்தினார். சிறு நிலமாயினும் நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டின் யானைக்குப் பலநாள் உணவாகும். யானையே வயலுட் புகின் அதன் வாய் உண்பதினும் கால் மிதித்து அழிப்பது மிகும் என்பது அவர் காட்டிய உவமை. 40 பவுண் வரி யானையின் வாய்க்குச் செல்வது. பதிவும் அறிக்கையும் அதன் காலடியில் அழிவது. வாய்க்குச் செல்வதை மட்டும் அளந்துவிட்டு, வரி எல்லோருக்கும் சமமென்று கூறுவது பாதிக் கணக்காகும்.

உறுதிப்பாடு என்னும் இலக்கணம் மீறப்படின் விளைவது யாது என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காணலாம். அங்கு 1938இல் தோன்றிய சிறுபொதி விலக்கின் எல்லை 2016இல் 800 டொலராக உயர்ந்திருந்தது. 2025 ஜூலை இறுதியில் வெளிவந்த நிறைவேற்றுக் கட்டளையால், ஆகஸ்ட் 29ஆந் திகதி முதல் எல்லா நாடுகளின் பொதிகளுக்கும் அது இடைநிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாத அவகாசத்தில் ஆயத்தமாக இயலாமல், பல நாடுகளின் அஞ்சற் சேவைகள் அமெரிக்காவுக்கான பொதிகளை ஏற்பதையே சிலகாலம் நிறுத்தின. பெருநிறுவனத்துக்கு வேறு வழிகள் இருந்தன; அஞ்சலகத்தை மட்டுமே நம்பிய சிறு வணிகருக்கு அவை இல்லை.

இவற்றால் சிறு வணிகர் வரியிலிருந்து தப்ப உரிமையுடையார் என்பது பெறப்படாது. விற்ற பொருளை அன்பளிப்பென்று எழுதுவதும், விலையைக் குறைத்துக் காட்டுவதும் பொய்யே. பொருள் சிறிது என்பதால் பொய் சிறிதாகிவிடாது. வரி செலுத்துதல் குடியின் கடமையாயின், அக்கடமையை இயலக்கூடியதாக அமைப்பது அரசின் கடமை. சட்டம் பொதுவாகப் பேசுவதால் தனிநிலைகளில் தவறக்கூடும் என்பதையும், அத்தவற்றைத் திருத்துவதும் நீதியின் பகுதியே என்பதையும் அரிஸ்டோட்டில் எடுத்துக்காட்டினார். சிறியோருக்கென எல்லையொன்றை வகுப்பது அத்தகைய திருத்தமே. அதனைச் சலுகையென்று கொள்வது தவறு. தனக்கு வரவேண்டிய தொகையை எண்ணும் அரசு, அத்தொகை வந்துசேரும் வழியில் எவர் எவ்வளவு இழந்தனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். இரண்டையும் எண்ணிய பின்னரே ஒரு வரி சமமானதா அன்றா என்று தீர்ப்பளிக்க இயலும்.