தலைப்பு இல்லாத கட்டம்

தங்கை மகள் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தாள். கையில் ஒரு நோட்டு. அதில் அவள் போட்டிருந்த அட்டவணை இன்னும் என் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். டாக்டரும் வேண்டாம், இன்ஜினியரிங்கும் வேண்டாம், சயின்ஸ்தான் படிப்பேன் என்று வீட்டில் மல்லுக்கட்டி ஜெயித்தவள். ஜெயித்த பிறகுதான் பயம் வந்திருக்கிறது. சரி, எங்கே படிப்பது?

இடது ஓரத்தில் பெயர்கள்: பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், திருவனந்தபுரம் ஐசர், திருப்பதி ஐசர், புவனேஸ்வர் நைசர், சிறுசேரியில் உள்ள கணித நிறுவனமான சி.எம்.ஐ. மேலே தலைப்புகள்: நுழைவுத் தேர்வு, சீட், ஃபீஸ், ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், ஊரிலிருந்து தூரம். எல்லாம் ஸ்கேல் வைத்து நீலப் பேனாவில் போட்ட கோடுகள். கடைசியில் இன்னொரு கட்டம், மற்றவற்றைவிட அகலமாக. அதற்குத் தலைப்பு இல்லை. கீழேயும் ஒன்றும் எழுதவில்லை.

"இது எதுக்கும்மா?"

"தெரியல மாமா. என்னமோ விட்டுப்போன மாதிரி இருந்துச்சு. ஞாபகம் வந்தா எழுதிக்கலாம்னு கோடு போட்டு வச்சேன்."

"ரேங்க்னு போடு" என்றார் அவள் அப்பா. தப்பில்லை. 2016 முதல் மத்திய அரசே தரவரிசை வெளியிடுகிறது. பல்கலைக்கழகப் பிரிவில் ஒவ்வோர் ஆண்டும் பெங்களூர்தான் முதலிடம். ஆனால் அந்தத் தரவரிசைக்கான 100 மதிப்பெண்ணில் 10 மதிப்பெண், அந்த இடத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. பெயர் இருந்தால் ரேங்க் ஏறும், ரேங்க் ஏறினால் பெயர் வரும். அதை அவளிடம் சொன்னேன். அவள் ரேங்க் என்று எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் நான் சொன்னதுதானா என்று தெரியவில்லை.

எழுதிய கட்டங்களை நிரப்புவது பெரிய விஷயமில்லை. பெங்களூர்க் கழகம் 1909-இல் தொடங்கியது. ஆனால் பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு அங்கே கதவு திறந்தது 2011-இல்தான். ஆராய்ச்சி மாணவர்கள் நிறைந்த வளாகத்தில் இளங்கலைப் பிள்ளைகள் ஒரு சிறு கூட்டம். மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்கள் 2006-இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் ஆரம்பித்து இப்போது ஏழு. ஐந்தாண்டுப் படிப்பு. தொடக்கத்தில் எல்லாருக்கும் எல்லாப் பாடமும் உண்டு. கணக்கில் புலியாக இருப்பவளும் செல்லைப் பற்றிப் படித்தே ஆகவேண்டும். நைசர் அணுசக்தித் துறையின் கீழ் வருவது. அதற்கு நெஸ்ட் என்று தனித் தேர்வு. சி.எம்.ஐ.யில் முதல் நாளிலிருந்தே கணக்கைப் போடுவதைவிட அது ஏன் அப்படி என்று நிரூபிப்பதுதான் வேலை. அது பிடித்தவர்களுக்குச் சொர்க்கம். பிடிக்காதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் திருவனந்தபுரம் ஜெயித்தது. பொன்முடி மலைக்குப் போகிற வழியில் விதுராவில் இருக்கிறது. அவள் அம்மாவுக்கு அந்த ஒரு கட்டமே போதும்.

அந்தக் காலிக் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் இருட்டறைதான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்த கல்லூரியின் பெயர் பக்கத்து மாவட்டத்துக்கே தெரியாது. லேபின் ஒரு மூலையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கும். சோடியம் விளக்கைப் போட்டதும் முதலில் ரோஸ் நிறத்தில் மினுக்கும், கொஞ்ச நேரம் போனால்தான் மஞ்சளாகும். அந்த வெளிச்சத்தில் சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஒரே அழுக்கு நிறம். ஸ்பெக்ட்ரோமீட்டரில் மஞ்சள் கோட்டைப் பிடித்து, வெர்னியர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, வேர்த்து வழிய வெளியே ஓடிவருவதுதான் எங்கள் வழக்கம். அங்கே ஒரு லேப் அட்டெண்டர் இருந்தார். கிரேட்டிங்கை வெள்ளைத் துணியில் சுற்றி, கோடு போட்ட பக்கத்தில் விரல் படாமல் எடுத்துக் கொடுப்பார். ஒரு நாள் நான் கிளம்பும்போது, "அவசரப்படாதீங்க தம்பி. ரெண்டாவது ஆர்டர் வரைக்கும் திருப்புங்க. சிலிட்டைக் கொஞ்சம் ஒடுக்குங்க" என்றார். ஒடுக்கினேன். ஒரே கோடாக இருந்தது மயிரிழை இடைவெளி விட்டு இரண்டாகப் பிரிந்து நின்றது. அலைநீளம் 589.0, 589.6 நானோமீட்டர். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் விஞ்ஞானி ஆகவில்லை, வங்கிக்குப் போனேன். ஆனால் அந்த இரண்டு கோடுகளை மறக்கவில்லை. இதே மாதிரி ஸ்பெக்ட்ரோமீட்டரில், பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியில் தெரிந்த பட்டைகளைப் பார்த்துத்தான், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சி.வி. ராமன் தன் முதல் கட்டுரையை எழுதினார். 1906 நவம்பரில் லண்டன் பத்திரிகையில் வந்தது. அவருக்கு அப்போதுதான் பதினெட்டு வயது. எத்தனையோ பேர் அந்த ஒளிப்பட்டைகளைத் தாண்டி வெர்னியரைப் படித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ராமனைச் சொன்னால், அவர் ராமன், வேறென்ன சொல்ல என்று ஆகிவிடும். இன்னொன்றும் அரைகுறையாகப் படித்தது உண்டு. பிரான்சிலிருந்து வந்த பாதிரியார் சார்ல்ஸ் ராசின், சென்னை லயோலா கல்லூரியில் கணக்கு வாத்தியார். பாரிஸில் அன்றைக்குப் புதிதாக நடந்துகொண்டிருந்த கணிதத்தை அறிந்தவர். அவரிடம் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் அவர் தூண்டுதலில் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள். 1965-இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்தச் சேஷாத்ரிதான் 1989-இல் தொடங்கிய சி.எம்.ஐ.யின் நிறுவனர். தங்கை மகளின் பட்டியலில் கடைசியாக உள்ள நிறுவனத்துக்கு வேர், அந்தப் பட்டியலில் இடமே இல்லாத ஒரு பட்டப்படிப்புக் கல்லூரியின் வகுப்பறையில் இருக்கிறது.

அப்படியானால் அந்தக் கட்டத்துக்கு 'யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்' என்று தலைப்புப் போட்டுவிடலாமா? கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சந்தேகம் வந்தது. லயோலாவில் அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே பாதிரியாரைக் கேட்டுவிட்டு, கணக்கையே விட்டுப்போனவர்கள் எவ்வளவு பேரோ! அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கும் அந்த அட்டெண்டர் கிடைத்தாரே, நான் என்ன செய்துவிட்டேன்? பெரிய இடத்தில் அப்படிப்பட்ட ஆட்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதும் நிஜம்தான். அங்கே போனால் கருவி இருக்கிறது, நூலகம் இருக்கிறது, ராத்திரி பதினொரு மணிக்கு மெஸ் வாசலில் நின்று குவாண்டம் பற்றிச் சண்டை போடக் கூட்டாளி இருக்கிறான். சின்ன இடத்தில் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டும்.

ஆனால் பெரிய இடத்தில் வேறொன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து முதல் ரேங்க். அங்கே வருகிற எல்லாருமே முதல் ரேங்க். முதல் செமஸ்டரில் தான் நடுவில் எங்கோ நிற்பதை அவள் பார்ப்பாள். அதைத் தாங்கிக்கொண்டு சிரிப்பாளா, கதவைச் சாத்திக்கொள்வாளா? பெற்ற அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எந்த நுழைவுத் தேர்விலும் அதற்குக் கேள்வி கிடையாது. இதைத்தான் அவள் கட்டம் கட்டி வைத்தாளோ என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த வாரம் வேறு மாதிரித் தோன்றலாம்.

அவள் கேட்டால் எந்த ஊரைச் சொல்வது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இதைப் படிப்பவர்களில் ஐசரிலோ பெங்களூரிலோ சி.எம்.ஐ.யிலோ படித்தவர்கள் இருப்பீர்கள். பிளேஸ்மென்ட் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள், அதை விடுங்கள். உங்கள் முதல் செமஸ்டர் எப்படிப் போனது என்று உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்து நிற்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் மறைக்காமல் சொல்லுங்கள்.