கோவலன் வாங்கிய மாலை

இந்த வைகாசிப் பொங்கலுக்கென்று கனடாவிலும் சுவிஸிலும் இலண்டனிலுமிருந்து விமானமேறி வந்திருக்கின்ற பிள்ளைகளே! வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் சந்நிதியில் நின்றுகொண்டு காசைப் பற்றிப் பேசலாமோ என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் இந்தத் தாயினுடைய துன்பமே, ஒரு தனவந்தர் வீட்டுப் பிள்ளை பொருளைச் செலவழித்த விதத்திலிருந்துதானே ஆரம்பிக்கிறது?

மாசாத்துவான் மகன் கோவலனுக்கும் மாநாய்கன் மகள் கண்ணகிக்கும் விவாகம் என்ற செய்தியை, யானைப் பிடரியிலே பெண்களை ஏற்றிப் புகார் நகரமெங்கும் சொல்லுவித்தார்கள். அன்றைக்கு யானை, இன்றைக்கு ட்ரோன் கமெரா. சிரிக்கிறீர்கள்! சிரிக்கிறவர்களின் வீட்டுச் சாமத்திய வீட்டு வீடியோவை நானும் பார்த்தவன்தான். பிள்ளை அழகாக இருந்தாள், நூறு வருஷம் வாழட்டும். ஆனால் அவளுடைய முகத்தைக் காட்டிலும் மண்டபத்து வாசல் அலங்காரம்தான் அதிக நேரம் ஓடியது.

விஷயத்துக்கு வருவோம். நடனக் கணிகை மாதவி அரங்கேறிய பின்னர், 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையொன்றை, வாங்குகிறவனுக்கே மாதவி என்று சொல்லிக் கூனியொருத்தியின் கையிலே கொடுத்து, எங்கே நிறுத்தினார்கள்? நகரத்துச் செல்வக் குமாரர்கள் உலாவித் திரியும் வீதியிலே நிறுத்தினார்கள். அந்த வீதியைக் கவனியுங்கள். மற்றக் குமாரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கோவலன் வாங்கினான். பார்க்க ஆளில்லாத ஒழுங்கையிலே அம்மாலை விலைபோயிருக்குமோ? போயிருக்காது என்பதே என் துணிபு.

1008 கழஞ்சு! அதிலே ஒரு கழஞ்சாவது அவன் உழைத்ததா? பின்னாளிலே மாதவியை விட்டுத் திரும்பி வந்து, முன்னோர் தேடித்தந்த திரவியமெல்லாம் தொலைந்ததே, நாணமாயிருக்கிறதே என்று கண்ணகியிடம் அவனே சொல்லுகிறான். தம்பிமாரே, அண்ணன் ஒருவன் பனிக்குளிரிலே விடியப்புறம் எழும்பி, உணவகத்துக் குசினியில் நின்று கோப்பை கழுவி அனுப்பிய காசு, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஒரு பகற்பொழுதிலே மணவறையாகவும் வாணவேடிக்கையாகவும் கரைகின்றபோது, அதுவும் அந்த மாலைதான். மாலை வேறு, வீதி வேறு. வாங்குகிற மனம் ஒன்று.

போகட்டும், அவர்கள் காசு, அவர்கள் செலவு என்று விட்டுவிடலாமோ? விட முடியாது. ஏனென்றால், 2009இல் முடிந்த போரிலே புருஷனையும் இழந்து, முகாமிலே கிடந்து, மீள்குடியேறித் தனியொருத்தியாய்க் குடும்பத்தைத் தாங்கும் தாய், அயல்வீட்டு வைபவத்தைப் பார்த்துத் தன் பிள்ளைக்கும் குறைவிருக்கக்கூடாதென்று நுண்கடன் எடுக்கிறாள். கிழமைக்குக் கிழமை கடன்காரன் படலையிலே வந்து நிற்கிறான். ஆடம்பரம் செய்தவர் விமானமேறிப் போய்விட்டார். வட்டி இங்கே நிற்கிறது. கோபப்படாதீர்கள் பிள்ளைகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் கண்ணகைத் தாய் இங்கே வந்தபோது யாரிடம் வந்தாள்? நந்திக்கடற்கரையிலே மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவி வேஷத்தில் வந்தாள். அவர்கள் பொங்கிய புக்கையை ஏற்றாள். விளக்குக்கு எண்ணெய் இல்லையென்றபோது கடல்நீரை வார்க்கச் சொன்னாள். இன்றைக்கும் முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்துவரும் உப்புநீரிலேதான் அவளுக்கு விளக்கு எரிகிறது. அது நீங்கள் பிரத்தியட்சமாய்க் காண்பது. நான் விரிக்க வேண்டியதில்லை. 1008 கழஞ்சு மாலையினால் வாழ்விழந்தவளுக்கு உப்புநீர் போதுமாயிருந்தது!

இன்னொன்றையும் கேளுங்கள். மகன் மதுரையிலே வெட்டுண்டான் என்று கேட்ட பின்னர் மாசாத்துவான் என்ன செய்தான்? பொருள் முழுவதையும் தானஞ்செய்துவிட்டுப் பௌத்த விகாரத்துக்குப் போய்விட்டான். தானம் பெரிது, சந்தேகமில்லை. அந்தக் கை, மகன் உயிரோடிருந்த காலத்திலே விரிந்திருக்கலாகாதோ? ஆகையினாலே, இந்த ஆவணியிலே மண்டபம் பேசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வைபவத்தை வீட்டு முற்றத்துப் பந்தலிலே செய்யுங்கள். மிச்சக் காசிலே உங்கள் ஒழுங்கையிலுள்ள ஒரு தாயின் கடன் துண்டை வாங்கிப் பார்த்து, சத்தமில்லாமல் அதைக் கட்டி முடியுங்கள். வீடியோ எடுக்க வேண்டாம்.