'நீங்க' யாருக்கு?

டென்மார்க்கில் படிக்கப் போகும் நம்ம பிள்ளைகளுக்கு நாக்கு எழாத இடம் ஒன்று உண்டு. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்! அங்கே எல்லாரும் அப்படித்தான்.

டேனிஷ் மொழியிலும் 'நீங்கள்', 'நீ' இரண்டும் உண்டு: 'டீ', 'டு'. 1960, 70களில் 'டீ' அன்றாடப் பேச்சிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அரச குடும்பத்தாரிடம் பேசும்போது இன்றும் அதுதான் முறை. மற்றபடி பிரதமருக்கும் 'டு', வகுப்பறை கூட்டுபவருக்கும் 'டு'.

அப்படின்னா அங்கே மரியாதையே இல்லையா? இருக்கு. சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது அங்கே மரியாதை. சாப்பிட்டு எழும்போது, சமைத்தவருக்கு 'சாப்பாட்டுக்கு நன்றி' சொல்வதும் மரியாதை. நம்ம வீட்டில் அம்மாவுக்கு எத்தனை பேர் சொல்கிறோம்?

இதற்காக நாம் 'நீங்க'வை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். முன்பின் தெரியாதவரையும் 'அண்ணே', 'அக்கா' என்று ஒரே சொல்லில் சொந்தமாக்கிவிடுகிறது நம் மொழி. அந்த உறவு 'டு'வில் வராது.

ஆனால் ஒன்று யோசிப்போம். டாக்டருக்கும் வக்கீலுக்கும் 'நீங்க' போடும் நம் வாய், சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளியை எப்படிக் கூப்பிடுகிறது? எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்று கோயிலில் கேட்கிறோம். வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள் சொல் மாறுகிறது. வயதுக்குக் கொடுக்கும் மரியாதை பண்பு. வசதிக்குக் கொடுப்பது பயம், இல்லாவிட்டால் கணக்கு.

டேனியர்கள் 'நீ' என்று சொல்லி எல்லாரையும் சமமாக்கினார்கள். நாம் 'நீங்க' என்று சொல்லியே அதைச் செய்யலாமே!