இடைக்காலக் கேளிக்கைகளும் சிராவக அறமும்



இல்லறத்தார் மகிழ்ந்திருப்பதை நம் ஆசாரியர்கள் முற்றிலும் விலக்கினார் அல்லர். பாட்டும் கூத்தும் கதையும் இல்லாத இல்லறம் உண்டோ? நாம் எதனைக் கண்டு களிக்கிறோம், அக்களிப்பிற்கு விலை கொடுக்கும் உயிர் யாது என்பதே அவர்கள் எழுப்பிய வினா. இவ்வினாவை உளங்கொண்டு, இடைக்கால மக்கள் எவ்வாறு பொழுது போக்கினர் என்பதைச் சிறிது நோக்குவோம்.

கலியாணபுரத்திலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் (கி.பி. 1126-1138) வடமொழியில் மானசோல்லாசம் என்னும் பெருநூலைச் செய்தான். ஐந்து பகுதிகள், பகுதிக்கு இருபது இயல்கள். நான்காம் பகுதி முழுவதும் விநோதங்களைப் பற்றியது. ஐந்தாவது விளையாட்டுகளைப் பற்றியது. இசை, வாத்தியம், நடனம், கதை கேட்டல் ஆகியன அங்குண்டு. மற்போர் உண்டு. கோழி, காடை, ஆட்டுக்கடா, எருமைக்கடா ஆகியவற்றை மோதவிடுதலும், மீன்பிடித்தலும், மான்வேட்டையும் உண்டு. பாட்டும் படுகொலையும் ஒரே வரிசையில் நிற்கின்றன! இரண்டும் அரசனின் மனத்தை மகிழ்விப்பன. அவ்வளவே அந்நூலின் அளவுகோல்.

இச்சுவை அரண்மனைக்கு மட்டும் உரியதன்று. நம் மேல்சித்தாமூர் அமைந்துள்ள அதே விழுப்புரம் மாவட்டத்தில், அரசலாபுரத்தில், சேவல் ஒன்றிற்கு எடுத்த நடுகல் கிடைத்துள்ளது. ஏறத்தாழ 1500 ஆண்டுகள் பழமையான அக்கல்லில் சேவலின் உருவமும் வட்டெழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுவதுபோல் முகையூர் மேற்சேரியின் சேவலுக்கும் நட்டிருக்கிறார்கள். அச்சேவலின்மேல் அவர்களுக்கு அன்பில்லை என்று எவ்வாறு கூறுவது? அன்பு இருந்தது, ஆயினும் களத்தில் விட்டார்கள். மக்கள் மனத்தின் இவ்விந்தையை அக்கல்லைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றை நான் அறியேன்.

சேவலை விட்டவர் இருவர். சூழ நின்று ஆரவாரித்தவர் பலர். அவர்கள் யாதொன்றும் செய்திலரே, அவர்க்கும் வினை வருமோ என்று வினவலாம். இதற்கு விடை அநர்த்ததண்ட விரதத்தில் உள்ளது. பயனின்றிப் பிற உயிர்க்குச் செய்யும் தீங்கே அநர்த்ததண்டம். அதன் ஐந்து வகையுள் ஒன்று அபத்தியானம். தத்துவார்த்த சூத்திரத்திற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை வரைந்த பூஜ்யபாதர், பிறர்க்கு வெற்றியும் தோல்வியும் கொலையும் கட்டும் உறுப்பிழப்பும் எவ்வாறு நேருமோ என்று மனத்தால் எண்ணுவதையே அபத்தியானம் என்கிறார். வெற்றியை விழைதலும் அப்பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று வெல்லவேண்டுமென விழைபவன், மற்றொன்று வீழவேண்டுமென விழைகிறான். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் காண்போர்க்கு உரியது மூன்றாவது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசித் திரையில் ஓர் உருவத்தைச் சுட்டு வீழ்த்திக் கைகொட்டுகிறார்களே, அங்கு உயிர் எதுவும் போவதில்லை என்பது மெய். எண்ணமோ?

விலக்கியதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. திருப்பருத்திக்குன்றத்துத் திருக்கோயிலில் விசயநகரத்துச் சமண அமைச்சர் இருகப்பர் கி.பி. 1387-88இல் எடுப்பித்த மண்டபத்திற்குச் சங்கீத மண்டபம் என்றே பெயர். சீவக சிந்தாமணியின் நாயகன் காந்தருவதத்தையை வென்றது வாளினால் அன்று, யாழினால். தோற்றவள் மாலையிட்டு மனைவியான போட்டி அது! கதை கேட்கும் வேட்கை மக்களிடம் மிகுந்திருந்தமையின், யசோதரன் வரலாற்றைச் சோமதேவர் கி.பி. 959இலும், சன்னர் கன்னடத்தில் கி.பி. 1209இலும் பாடினர். வாதிராசரும் வடமொழியில் பாடினார். நம் தமிழிலும் யசோதர காவியம் உண்டு.

மாவினாற் செய்த கோழியைத் தாயின் சொற்கேட்டுப் பலியிட்ட யசோதரனும், பலியிடத் தூண்டிய அத்தாயும், விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று, இறுதியில் கோழிகளாய்க் கூட்டில் அடைபட்டனர். சோலையில் ஒரு முனிவர் காவலனுக்கு உரைத்த அறத்தை அவையும் கேட்டன. பழம்பிறப்புணர்வு எய்தின, விரதம் ஏற்றன, உவகை மிக்குக் கூவின. அருகே அரசியோடு இன்புற்றிருந்த மன்னன் அவ்வொலியைக் கேட்டான். இலக்கைக் காணாது, ஓசையையே குறியாகக் கொண்டு எய்யும் தன் வில்லாற்றலை அரசிக்குக் காட்ட விரும்பினான். பசியில்லை, பகையில்லை; காட்டிக் களிக்கும் ஆசை ஒன்றே. அம்பு பாய்ந்து இரண்டும் வீழ்ந்தன. எய்தவன் யசோதரனின் மகன். தந்தையையும் பாட்டியையும் தன் கையாற் கொன்றதை அவன் பின்னர் முனிவர் வாயிலாக அறிந்தான். அதற்குள், அவ்விளையாட்டைக் காணும்படி அருகிருந்த அரசியின் வயிற்றிலேயே, அவ்விரண்டு உயிர்களும் அபயருசி, அபயமதி என்னும் இரட்டையராய்ப் பிறந்திருந்தன.