இரவல் ஏக்கம்

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் குளிரை மட்டும் தேடிப் போவதில்லை, பழமையையும் தேடிப் போகிறார்கள். தானா ராத்தாவின் கடைத்தெரு, வளைந்து ஏறும் சாலை, மரச்சட்டம் பதித்த வெள்ளைச் சுவர் மாளிகைகள், ஸ்ட்ராபெரி ஜாம் தடவிய ஸ்கோன், பீங்கான் கோப்பையில் தேநீர் எல்லாம் சேர்ந்து ஏதோ பழைய காலத்துக்குள் நுழைந்துவிட்ட மயக்கத்தைத் தருகின்றன. ஆனால் அந்தப் பழமைக்கு வயது அதிகமில்லை. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் குறித்துச் சொன்னது 1885இல். அதன்பின் நாற்பது ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925இல் பிரிட்டிஷ் நிர்வாகி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலம் அமைக்கும் எண்ணம் உறுதிப்பட்டது. தாப்பாவிலிருந்து சாலை ஏறியது அதற்குப் பிந்திய ஆண்டுகளில். ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். இவற்றுக்கெல்லாம் முன்பே, கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில் 1873இல் எழுந்துவிட்டது. கேமரன் இந்த மலையில் கால் வைப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு. ஆனாலும் பழைய ஊரின் வாசத்தை அனுபவிக்க வேண்டும் என்று யாரும் அந்தக் கோயில் வீதிக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு போவதில்லை.

ஆக, நம்மை மயக்குவது வயது இல்லை. கோல்ஃப் மைதானத்தை ஒட்டி நிற்கும் ஸ்மோக்ஹவுஸ் விடுதி 1937இல் கட்டப்பட்டது. ஆனால் கட்டும்போதே அதற்கு டியூடர் மன்னர்கள் காலத்து, அதாவது நானூறு ஆண்டு முந்தைய, இங்கிலாந்து வீட்டின் முகத்தை வைத்தார்கள். பிறக்கும்போதே நரைமுடியோடு பிறந்த கட்டடம் அது. மேக்ஸ்வெல்லும் வெறும் மலையைப் பார்த்து முடிவெடுத்தவர் இல்லை. இலங்கையின் நுவரெலியாவையும் பிலிப்பைன்ஸின் பகியோவையும் போய்ப் பார்த்து ஒப்பிட்டவர். நுவரெலியாவோ இங்கிலாந்தை நினைத்து ஏங்கியவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட ஊர். நகலைப் பார்த்து எழுதிய நகல் என்று கேமரன் மலையைச் சொன்னால் மிகையாகாது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. சொந்த ஊரைவிட்டு ஆறாயிரம் மைல் தள்ளிக் கிடப்பவன் கணப்பு அடுப்பும் ரோஜாத் தோட்டமும் வைத்துக்கொள்வது மனித இயல்பு. விசித்திரம் அவனிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. கிள்ளானில் பால்மரம் வெட்டியவரின் பேரன், அந்தக் கணப்பு அடுப்பின் முன் உட்கார்ந்து, தான் ஒருநாளும் இழக்காத ஓர் ஊருக்காக நெகிழ்கிறான். இன்னொருவரின் ஏக்கத்தை இரவல் வாங்கி, அதற்கு வாடகையும் கட்டிவிட்டு வருகிறோம். நம் மலைப் பயணங்களில் நான் காணும் சிக்கல் இதுதான்.

ஏனென்றால் அதே மலையில் இன்னொரு ஏக்கமும் குடியிருந்தது. காட்டை அழித்துச் சரிவில் தேயிலை நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. அவர்கள் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது மலாயாவுக்குக் கங்காணிகள் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ரப்பர் தோட்டங்களில் வேலையிழந்த லட்சத்துக்கும் அதிகமான தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கீழே அது நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் மேலே இந்தச் சரிவுகள் பச்சையாகிக்கொண்டிருந்தன. அரசு நிர்ணயித்த கூலியிலேயே பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்பத் தடை போட்டதும் வருகிற வழி அடைபட்டது. இருந்தவர்கள் இருந்தபடி வேர்விட வேண்டியதாயிற்று. அவர்களும் ஊரை நினைத்தவர்கள்தான். துரைமார் மாளிகை கட்டினார்கள்; இவர்கள் கோயிலும் பள்ளியும் கட்டினார்கள். பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி நிற்கிறார். குன்று கண்டால் முருகனை நிறுத்திவிடுவது நம்மவர் வழக்கம், கடல் தாண்டியும் அது மாறவில்லை. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. ஓர் ஏக்கம் விடுதியாகி விலைக்கு வந்தது. மற்றது இன்னும் புழக்கத்தில் இருப்பதால் காட்சிப்பொருள் ஆகவில்லை. பயணிகளுக்கு அது கண்ணில் படாமல் போவதற்கும் அதுவே காரணம்.

இங்கே ஒரு மறுப்பு வரும். வாரம் முழுக்க வேலை செய்து களைத்தவன் இரண்டு நாள் குளிரில் இருக்கப் போகிறான். அவன் தலையில் வரலாற்றை ஏற்றுவானேன்? நியாயமான கேள்வி. ஆனால் இது வரலாறு இன்பத்தைக் கெடுக்கும் என்று தானாகவே எடுத்துக்கொள்கிறது. சுங்கை பாலாஸ் சரிவில் நின்று பார்க்கும் அந்தப் பச்சைக் கம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். தேயிலை இயற்கையில் செடி இல்லை, மரம். விட்டுவிட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கவ்வாத்தும், சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கும் கையும். சமமான சரிவில் இரண்டு பேர் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நகர்கிறார்கள். செங்குத்தான இடத்தில் பை பொருத்திய கத்தரிக்கோலோடு ஒருவர் தனியாக ஏறுகிறார். சில மாதம் இந்த வேலை நின்றால் நாம் படமெடுக்கும் அந்த அலைவடிவம் கலைந்துவிடும். சில ஆண்டு நின்றால் புதர்க்காடு. இயற்கை அழகு என்று நாம் வியப்பதில் பாதி, நேற்று யாரோ செய்து முடித்த வேலை. இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவனுக்குக் காட்சி குறைவதில்லை, கூடுகிறது. சங்கீதம் தெரிந்தவன் கச்சேரியில் அதிகம் அல்லவா அனுபவிக்கிறான்!

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. தோட்டத்தைவிட்டு வெளியேறுவதையே முன்னேற்றம் என்று எண்ணி மூன்று தலைமுறை பாடுபட்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து தப்பிப் படித்து மேலே வந்த ஒருவரின் மகளிடம் போய், மறுபடி லயத்தைப் பார் என்பது கொடுமை இல்லையா? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதி ஒத்துக்கொள்கிறேன். அவள் பார்க்கத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. மறக்கும் உரிமை பட்டவர்களுக்கு உண்டு. ஆனால் லயத்தை மறக்க உரிமை கேட்பவள், துரை பங்களாவை மட்டும் ஏக்கத்தோடு நினைவு வைத்துக்கொள்வது எந்தக் கணக்கில் சேரும்? மறப்பதென்றால் இரண்டையும் மறந்து, வெறும் குளிருக்காகவும் சோளத்துக்காகவும் போய்வரலாம். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. பழமைதான் வேண்டும் என்றால் பாதிப் பழமை போதாது.

ஆனால் ‘நாங்கள் உண்டாக்கிய மலை’ என்று மார்தட்டுவதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கேமரனுக்கு முன்பே, நமக்கும் முன்பே, பூர்வகுடிகளான செமாய் மக்கள் இந்தக் காட்டில் வாழ்ந்தார்கள். நாம் அழித்து நட்ட காடு அவர்களுடையது. 2004 முதல் 2018 வரை கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் நம்மவர் கட்சியான மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) வேட்பாளர்களே வென்று வந்தார்கள். 2018 வெற்றி செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. அதில் வென்ற ரம்லி முகமட் நோர், பூர்வகுடியினரிலிருந்து தேர்தல் மூலம் மக்களவைக்குப் போன முதல் உறுப்பினர். நாடு சுதந்திரம் பெற்று 61 ஆண்டுகளுக்குப் பிறகு! இது நமக்கும் சேர்த்துத்தான் சொல்லப்பட்ட செய்தி. மறுபக்கம், இன்று சரிவில் கத்தரிக்கோல் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் வாங்கிய கடன், எழுதிய கடிதம், எண்ணிய நாள் எல்லாவற்றையும் இன்று அவர்கள் சுமக்கிறார்கள். நம்மை யாரும் பார்க்கவில்லை என்று குறைப்படும் நாம், அவர்களைப் படத்தின் ஓரத்தில் ஓர் அழகுப் புள்ளியாக வைத்துக்கொள்கிறோம். இரவல் ஏக்கத்தின் உண்மையான சேதம் அங்கேதான் என்பேன்: துரையின் ஜன்னலில் நின்று பார்த்துப் பழகிவிட்டால், துரைக்குக் கண்ணில் படாதவர்கள் நமக்கும் படமாட்டார்கள்.

ஆகவே, ஸ்கோன் சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அது நன்றாகவே இருக்கும், அந்த வருமானத்தில் பிழைக்கும் குடும்பங்களும் அங்கே உண்டு. அடுத்த முறை போகும்போது பிரிஞ்சாங் கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே இருக்கும் பெரியவர்களிடம் அவர்கள் எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள் என்று கேளுங்கள், அவர்கள் சொல்ல விரும்பினால் உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். தேயிலைச் சரிவில் வேலை செய்பவரைப் படமெடுக்கும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் வேண்டாமென்று தலையசைத்தால் கைப்பேசியை உள்ளே வையுங்கள்.