மைசூரில் ஒரு மாணவி

ஹாலிவுட்டில் யோகப் பயிற்சிக்கூடம் ஒன்றைத் திறந்து, கிரெட்டா கார்போ, குளோரியா ஸ்வான்சன் முதலிய நட்சத்திரங்களுக்குச் சரீர அப்பியாசம் கற்பித்து, 1953இல் யோகத்தையும் ஆரோக்கியத்தையும் பற்றி நூலொன்றும் எழுதிப் பெருங்கீர்த்தி எய்திய இந்திரா தேவியைப் பற்றிப் பேசுவோர், அவருடைய மாணவிகளின் பெயர்களையே முதலில் உச்சரிக்கின்றனர்; எனக்கோ, அந்தப் பெயர்களுக்கெல்லாம் முன்னதாக, அவரே மாணவியாய் நின்ற மைசூர் நாட்கள்தாம் மேலானவையாகத் தோன்றுகின்றன.

ரிகா நகரில் 1899இல் பிறந்து, ஐரோப்பாவில் நாடக மேடை கண்டு, செக்கோஸ்லோவாக்கிய ராஜதந்திரி ஒருவரின் மனைவியாய்ப் பம்பாயில் சௌகரியமாக வாழ்ந்திருந்த அந்தப் பெண்மணி, மைசூரில் யோகம் கற்பித்த ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரிடம் வித்தையை வேண்டிச் சென்றபோது, அந்நியர் என்றும் பெண் என்றும் காரணம் காட்டி அவர் மறுத்தார். மைசூர் மகாராஜாவின் சிபாரிசுக்கு இணங்கிய பின்னரும், இவள் நிலைக்கமாட்டாள் என்ற எண்ணத்தினாலோ என்னவோ, ஆகார நியமங்களையும் கடுமையான கால ஒழுங்கையும் விதித்தார். இந்திரா தேவி விலகவில்லை. அதே ஆச்சாரியர்தாம், சிஷ்யை இந்தியாவை விட்டுப் புறப்படும் வேளையில், பிறருக்குக் கற்பிக்குமாறு ஆக்ஞையும் இட்டார். இதைக் காட்டிலும் பெரிய யோக்கியதாபத்திரம் ஒன்றை ஹாலிவுட் அவருக்கு வழங்கிவிடவில்லை என்பது என் துணிபு.

ஷாங்காயில் தொடங்கிய அந்தப் போதனை, கலிபோர்னியா, மெக்ஸிகோ வழியாக அர்ஜென்டீனாவரை நீண்டது. அங்கே 2002இல், தமது 102ஆம் வயதில், அவர் காலமானார்.