அனுபவிக்காதவர் பேசலாமா?

தெய்வ அனுபவம் கிடைக்காத ஒருத்தர் அதை ஆராயலாமா? கூடாதுன்னுதான் பலர் சொல்வாங்க.

அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1901, 1902 ஆண்டுகளில் எடின்பரோவில் சமய அனுபவங்கள் பற்றி 20 சொற்பொழிவுகள் ஆற்றினார். தனக்கு அந்த நிலை ஏறக்குறைய எட்டாதது, பிறர் சொன்னதை வைத்தே பேசுகிறேன் என்று மறைக்காமல் சொன்னார். (நாங்களும் சர்வர்ல நடந்ததை லாக் பார்த்துத்தானே தெரிஞ்சுக்கிறோம்!) மூளைக் கோளாறு என்று அவர் ஒதுக்கவில்லை, அதுக்கப்புறம் அந்த மனுஷர் எப்படி வாழ்ந்தார்னு பார்க்கச் சொன்னார். அனுபவித்தவருக்கு அது ஆதாரம், மற்றவர் ஏற்றாக வேண்டிய கட்டாயமில்லை என்பது அவர் முடிவு.

எங்க பாட்டி விளக்கு முன்னாடி பார்த்ததைச் சொல்லும்போது எனக்கு இதுதான் கைகொடுக்குது. பொய்னு சொல்ல வேண்டாம். நானும் பார்த்தேன்னு நடிக்கவும் வேண்டாம். பக்கத்துல உட்கார்ந்து கேட்கிறேன்.